பழைய .30-06 ரைஃபிளை வைல்ட்கேட் தோட்டாவுக்கு மாற்றலாமா?

கேள்வி இது: நல்ல நிலையில் உள்ள .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள் ஒன்று கைவசம் இருக்கிறது. அதன் சேம்பரை, அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியை, சற்றே பெரிதாகக் கடைந்து .30-06 ஆக்லி இம்ப்ரூவ்ட் போன்ற ஒரு வைல்ட்கேட் தோட்டாவுக்கு மாற்றினால் குண்டின் வேகம் கணிசமாகக் கூடும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? இருக்கும் பேரலிலேயே அதைச் செய்துவிடலாமா, அல்லது புதுப் பேரல் போட்டுத்தான் கட்ட வேண்டுமா?

செய்யலாம். ஆனால் .30-06-ஐப் பொறுத்தவரை வேகத்துக்காக அதைச் செய்வது வீண்செலவு என்பது என் கருத்து. பேரல் தேய்ந்துபோய் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் கணக்கு வேறு. இந்த இரண்டு வரிகளுக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் இத்துறையில் நிலவும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை, சேம்பரின் வடிவத்தைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் துப்பாக்கிக் கம்மியரின் தலையில் கட்டிவிடுவதால் வருபவை.

வைல்ட்கேட் என்பது, தோட்டாக்களின் அளவையும் அழுத்த வரம்பையும் வரையறுக்கும் அமைப்பு எதிலும் பதிவாகாத தோட்டா. அமெரிக்காவில் அந்த வரையறையை 1926-இல் தோன்றிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வெளியிடுகிறது, ஐரோப்பாவிலும் அதைச் சார்ந்த நாடுகளிலும் 1914-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் உருவான சி.ஐ.பி. வெளியிடுகிறது. பதிவான தோட்டா என்றால், எந்த நிறுவனம் செய்த ரைஃபிளிலும் எந்த நிறுவனம் செய்த தோட்டாவும் பாதுகாப்பாக உட்காரும் என்ற உறுதி உண்டு. வைல்ட்கேட்டுக்கு அந்த உறுதியைத் தருவதற்கு யாரும் இல்லை. சேம்பரைக் கடையும் கருவியான ரீமரின் வரைபடம்தான் அதற்கு இருக்கும் ஒரே ஆவணம். அந்த வரைபடத்தோடு பேரல், சேம்பரின் அளவைச் சரிபார்க்கும் கேஜ்கள், கேஸை வடிவமைக்கும் டை, மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கேஸ் ஆகிய நான்கும் ஒத்துப்போனால் நல்ல ரைஃபிள் கிடைக்கும்; ஒன்று பிசகினாலும் தீராத தலைவலிதான்.

இந்தப் பழக்கம் பெருகியது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அமெரிக்காவில். போரின் உபரியாக .30-06 கேஸ்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை ஏற்கும் வலுவான மௌசர், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆக்‌ஷன்களும் (பேரலின் பின்புறத்தை மூடும் போல்ட்டும் அதைத் தாங்கும் ரிசீவரும் சேர்ந்த பகுதி) கிடைத்தன. கேஸின் கழுத்தைச் சுருக்கினால் சிறிய குண்டு, விரித்தால் பெரிய குண்டு என்ற எளிய வழி திறந்தது. ஏ. ஓ. நீட்னர் 1920-இல் .30-06-இன் கழுத்தை .25 அளவுக்குச் சுருக்கினார். ரெமிங்டன் நிறுவனம் அதை.25-06 என்று தன் பெயரில் ஏற்றுக்கொண்டது 1969-இல்தான். அதே கேஸை .35-க்கு விரித்த ‘.35 வீலன்’ தோட்டா 1922-இல் பிறந்து, 1980-களின் கடைசியில்தான் ஆலைத் தோட்டாவானது. சார்லஸ் நியூட்டன் வடிவமைத்து 1915-இல் வெளிவந்த .250-3000 சாவேஜின் கழுத்தை .22-க்குச் சுருக்கிப் பலர் 1930-களில் பலவிதமாக முயன்றார்கள். அதன் வழியில் வந்த.22-250 தோட்டாவுக்கு பிரௌனிங் நிறுவனம் 1963-இல் ரைஃபிளையே விற்கத் தொடங்கிவிட்டது, அதற்குரிய ஆலைத் தோட்டா சந்தையில் இல்லாத நிலையில். ரெமிங்டன் 1965-இல் அந்தக் குறையைத் தீர்த்தது. லூ பால்மிசானோ, ஃபெரிஸ் பிண்டெல் என்ற இருவர் .220 ரஷ்யன் கேஸிலிருந்து 1975-இல் உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி., ரைஃபிளை மேசைமீது ஊன்றித் துல்லியத்துக்காகச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் அதுவரை கோலோச்சிய தோட்டாக்களை ஓரங்கட்டியது. ஆக, வைல்ட்கேட் என்றாலே கிறுக்குத்தனம் என்று ஒதுக்குவதற்கில்லை. இன்று கடையில் வாங்கும் பல தோட்டாக்கள் ஒருகாலத்தில் யாரோ ஒருவருடைய லேத்தில் பிறந்தவைதான்.

ஆனால் இந்த உதாரணங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: வென்ற வைல்ட்கேட்டுகள் எல்லாம் அதுவரை காலியாக இருந்த ஓர் இடத்தை நிரப்பின. ஆக்லி இம்ப்ரூவ்ட் வகை வேறு. அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் பி. ஓ. ஆக்லி (1903–1989) செய்தது, இருக்கும் தோட்டாவின் உடலிலுள்ள சரிவைக் குறைத்து, தோளைப் பெரும்பாலும் 40 பாகைக்குச் செங்குத்தாக்கி, குண்டின் விட்டத்தை மாற்றாமலேயே கேஸின் கொள்ளளவைக் கூட்டுவது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மூலத் தோட்டாவையே அந்தச் சேம்பரில் வைத்துச் சுடலாம். சுட்டவுடன் பித்தளை ஊதிப் புது வடிவத்துக்கு வந்துவிடும். கடையில் வைல்ட்கேட் தோட்டா கிடைக்காத நாளில் ரைஃபிள் சும்மா கிடக்க வேண்டியதில்லை.

கொள்ளளவு கூடினால் வேகம் எவ்வளவு கூடும்? அழுத்தமும் குண்டின் விட்டமும் மாறாதவரை, கொள்ளளவு 4 விழுக்காடு கூடினால் வேகம் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடும் என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கிவரும் கணக்கு. .30-06 ஏற்கெனவே நல்ல வடிவமுள்ள கேஸ். ஆக்லி வடிவம் அதற்குக் கூடுதலாகத் தருவது சுமார் 5 விழுக்காடு இடம். 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் போகிறது என்று கொண்டால், கிடைக்கும் லாபம் 30 அடியை ஒட்டி நிற்கும். ஒரே பெட்டியிலுள்ள தோட்டாக்களுக்கு இடையிலேயே அந்த அளவு வேறுபாடு இருப்பதுண்டு. அப்படியானால் 100, 150 அடி கூடியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் காட்டிய எண் மெய்தான். அதைத் தந்தது கூடுதல் அழுத்தம். .30-06-க்கு எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. வைல்ட்கேட்டுக்கு வரம்பு என்று எதுவும் எழுதப்படாததால், அதைத் தாண்டிப் போவது எவர் கண்ணிலும் படுவதில்லை. செங்குத்தான உடலில் பித்தளை அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளாது என்பதால், போல்ட் இறுகுவது போன்ற பழக்கமான எச்சரிக்கைகளும் தாமதமாகவே வரும். இது நன்மைபோலத் தோன்றும் ஆபத்து.

மூலத் தோட்டா அதிகச் சரிவோடும் குறைந்த அழுத்தத்துக்கென்றும் பிறந்திருந்தால் லாபம் உண்மையாகவே பெரிது. .250 சாவேஜ், .257 ராபர்ட்ஸ், லைல் கில்போர்ன் 1940-இல் .22 ஹார்னெட்டிலிருந்து உருவாக்கிய கே-ஹார்னெட் ஆகியவை அந்த வகை. .30-06 அந்த வரிசையில் வராது.

ஆக்லியின் பெயரால் சொல்லப்படும் இன்னொரு வாதம், சரிவில்லாத கேஸ் சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்வதால் போல்ட்டின் மீது பின்னோக்கி விழும் விசை குறையும் என்பது. அவர் .30-30 இம்ப்ரூவ்ட் சேம்பர் கொண்ட ஒரு வின்செஸ்டர் 94-இன் பூட்டும் கட்டையையே எடுத்துவிட்டுச் சுட்டுக் காட்டினார். சோதனை மெய்யானதுதான், ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவில் எச்சரிக்கை வேண்டும். பித்தளையின் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கடந்த அழுத்தத்தில் கேஸின் சுவர் நீண்டு கொடுத்துவிடும். மிச்ச விசை முழுவதும் போல்ட்டின் மீதுதான் விழும். சேம்பரில் எண்ணெய் படிந்திருந்தால் பிடி என்பதே இல்லை. ஆகவே ஆக்‌ஷனின் வலுவைக் கணக்கிடும்போது இந்தச் சலுகையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, எந்த ரைஃபிளைத் தொடலாம் என்ற கேள்வி. கேள்வியிலுள்ள ரைஃபிள் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றால், முதலில் பார்க்க வேண்டியது ரிசீவரிலுள்ள வரிசை எண். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் 800,000-க்குக் கீழுள்ள எண்களும், ராக் ஐலண்டில் 285,507-க்குக் கீழுள்ளவையும் பழைய முறையில் பதப்படுத்தப்பட்டவை. அக்காலத்தில் எஃகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைத் தொழிலாளி அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார். வெயில் நாளில் ஒருவிதமாகவும் மேகமூட்டமான நாளில் வேறுவிதமாகவும் தெரியும் அந்த நிறத்தை நம்பியதால், சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடேறி நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டன. எவை நல்லவை, எவை கெட்டவை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ரிசீவரில் வைல்ட்கேட் கட்டும் பேச்சுக்கே இடமில்லை. என்னைக் கேட்டால் அதில் சாதாரணத் தோட்டாவைக்கூடச் சுட வேண்டாம். மௌசர் 98 ஆக்‌ஷனில் மூன்றாவது பூட்டுக் கட்டையும், வாயு கசிந்தால் வெளியேற போல்ட்டில் துளைகளும் உண்டு. 1893, 1895, 1896 மௌசர்களில் அந்தப் பாதுகாப்பு முழுமையாக இல்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது தவறு. மௌசர் 98-இலும், நீளமான மேக்னம் தோட்டாவுக்காகத் தோட்டா ஏறும் சரிவைப் பின்னுக்கு வெட்டினால், கீழ்ப் பூட்டுக் கட்டைக்கு முட்டுக் கொடுக்கும் உலோகமே குறைந்துபோகும்.

போல்ட் முகத்தின் விட்டமும் முக்கியம். .30-06, .308, 7×57 மௌசர் குடும்பத்துக்கு கேஸின் அடிப்பகுதி 0.473 அங்குலம், பெல்ட் உள்ள மேக்னங்களுக்கு 0.532; .223 குடும்பத்துக்கு 0.378. ஒரு குடும்பத்துக்குள்ளேயே நின்றால் சுட்ட கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், மேகசின், தோட்டா ஏறும் விதம் ஆகியவை பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். குடும்பம் மாறினால், பேரலுக்கு ஆகும் வேலையைவிட இவற்றுக்கு ஆகும் வேலை அதிகம். அகன்ற, குட்டையான கேஸ்கள் மேகசினிலிருந்து ஒழுங்காக ஏறாமல் கடைசிவரை வீம்பு பிடித்த ரைஃபிள்கள் ஏராளம்.

இருக்கும் பேரலிலேயே சேம்பரை மாற்றுவதற்கு ஒரே விதிதான்: புதுச் சேம்பர் எல்லா இடத்திலும் பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், குண்டின் விட்டம் மாறக் கூடாது. ரீமர் உலோகத்தை எடுக்குமே தவிரச் சேர்க்காது. .300 ஹெச் அண்ட் ஹெச் சேம்பரை .300 வெதர்பி ஆக்கலாம், ஏனெனில் பின்னது முன்னதை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குக் கொண்டுவந்த ஜெர்மன் மௌசர்களில் இதே வழி பெருமளவில் கையாளப்பட்டது. 8×57 தோட்டா அரிதாகவும்.30-06 கேஸ் தாராளமாகவும் கிடைத்ததால், சேம்பரை நீட்டி 8 மி.மீ.-06 என்ற வைல்ட்கேட்டாக ஆக்கினார்கள். மாறாக, .303 பிரிட்டிஷ் ரைஃபிளை .308 ஆக்குவது இந்த வழியில் நடக்காது; சேம்பரும் ஒவ்வாது, பேரலின் உள்விட்டமும் ஒவ்வாது.

விட்டம் மாறக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் ஜப்பானின் 6.5 மி.மீ. அரிசாகா ரைஃபிள் ஒன்றின் சேம்பரை ஒருவர் .30-06 ஆக மாற்றிவிட்டு, பேரலை மட்டும் 6.5 மி.மீ. ஆகவே விட்டுவைத்த சம்பவம் அமெரிக்கத் துப்பாக்கி வட்டாரத்தில் மிகவும் பிரசித்தம். ரீமரின் முனையிலுள்ள வழிகாட்டித் தண்டு அந்தக் குறுகிய துளைக்குள் போகவில்லை. எனவே அவர் தண்டைத் தேய்த்து உள்ளே விட்டார். அதன்பின் 0.308 அங்குல விட்டமுள்ள குண்டுகள் 0.264 அங்குலத் துளைக்குள் பிதுங்கிக்கொண்டு வெளியேறின. ரைஃபிள் உடையவில்லை, உதை பலமாக இருக்கிறதே என்பதுதான் உரியவரின் முறையீடு. ஆக்லி போரில் எஞ்சிய பல ஆக்‌ஷன்களை வேண்டுமென்றே வெடிக்க வைத்துச் சோதித்தபோது, கடைசிவரை தாக்குப்பிடித்ததும் இந்த வகை 38 அரிசாகாதான். வேறு எந்த ஆக்‌ஷனாக இருந்தாலும் அந்த மனிதர் தப்பியிருப்பாரா என்பது சந்தேகமே. வழிகாட்டித் தண்டு உள்ளே போகாதபோது ரைஃபிள் சொல்ல வந்ததை அவர் கேட்கவில்லை.

இனி, ஆக்லி மாற்றத்தில் அதிகம் தவறு நடக்கும் இடமான ஹெட்ஸ்பேஸ். போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா முன்னே போகாமல் தடுக்கும் தோளின் குறிப்பிட்ட புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் அது. .30-06-க்கு, உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டிய ‘கோ’ கேஜின் நீளம் 1.940 அங்குலம், களத்தில் பயன்படுத்தத் தகுதியற்றது என்று ஒதுக்கும் ‘ஃபீல்ட்’ கேஜ் 1.950. நல்லதுக்கும் ஒதுக்குவதற்கும் இடையில் இருப்பது நூறில் ஒரு பங்கு அங்குலம்.

சாதாரணச் சேம்பருக்குள் ஆக்லி ரீமரைச் செலுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ரீமர் தோளை முன்னே தள்ளிச் செங்குத்தாக்குகிறது. அதன்பின் மூலத் தோட்டாவை வைத்தால் அதைத் தாங்கப் பழைய தோள் இல்லை. கழுத்தும் தோளும் சேரும் மெல்லிய வளையம் ஒன்றுதான் தாங்க வேண்டும். அந்த இடத்தில் தோட்டா இறுகி, போல்ட்டை மூடும்போது கைக்கு லேசான எதிர்ப்புத் தெரியும்படி அமைய வேண்டும் என்பதற்காக, பேரலைக் கழற்றிப் பின்புறத்தைச் சற்று வெட்டி உள்ளே தள்ளித் திருகிய பிறகே புதுச் சேம்பரைக் கடைவார்கள். அளவு மூலத் தோட்டாவின் ‘கோ’ கேஜைவிட 0.004 அங்குலம் குறைவாக வைக்கப்படும். அதாவது பழைய ‘கோ’ கேஜே புதுச் சேம்பருக்கு, போல்ட் மூடக் கூடாத ‘நோ-கோ’ ஆகிவிடுகிறது. 1903 ஸ்பிரிங்ஃபீல்டின் பேரல் மரை அங்குலத்துக்கு 10 சுற்று. மௌசர் 98-க்கு 12. பார்வைக் குறியும் எக்ஸ்ட்ராக்டர் வெட்டும் பழைய இடத்திலேயே வந்து நிற்க வேண்டுமானால் முழுச் சுற்றாகவே பின்னே தள்ள முடியும். ஸ்பிரிங்ஃபீல்டில் அது 0.1 அங்குலம். படிப்படியாகத் தடித்த ராணுவப் பேரலாக இருந்தால், மரக்கட்டையின் உட்பள்ளத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். “ரீமரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஆயிற்று” என்று சொல்பவர் இவற்றில் எதையும் செய்யப்போவதில்லை என்று பொருள்.

பேரலைத் தள்ளாமல் கடைந்த சேம்பரில் என்ன நடக்கும் என்பதைச் சுட்ட கேஸிலேயே பார்க்கலாம். சுடும் ஊசி தோட்டாவை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் ஏறும்போது கேஸின் முன்பாதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. கனமான அடிப்பகுதி மட்டும் போல்ட்டைத் தொடும்வரை பின்னே நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. விளிம்பிலிருந்து சற்று மேலே, கேஸைச் சுற்றி மற்ற இடத்தைவிட வெளுத்துப் பளபளக்கும் மெல்லிய வளையம் ஒன்று தெரியும். காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் செங்கோணமாக வளைத்து, கேஸின் வாய்வழியே விட்டு உட்சுவரை அடியிலிருந்து மேலாக வருடினால், அந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த கேஸை மறுபடி நிரப்பக் கூடாது. நிரப்பினால், ஏதோ ஒரு சூட்டில் அது அந்த வளையத்தில் இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு முகத்தை நோக்கி வரும்.

ரீமரைப் பற்றி முன்பு சொன்னதற்கு .280 ஆக்லி இம்ப்ரூவ்ட் நல்ல சான்று. பல பத்தாண்டுகள் வைல்ட்கேட்டாக இருந்த அதை நோஸ்லர் நிறுவனம் 2007-இல் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. தரத்துக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பதிவான அளவுக்கும் கம்மியர்கள் அதுவரை கடைந்துவந்த அளவுக்கும் ஹெட்ஸ்பேஸில் 0.014 அங்குல வேறுபாடு இருக்கிறது. பேரலில் பொறித்த பெயர் ஒன்றே, சேம்பர்கள் இரண்டு. பழைய சேம்பரில் புதிய ஆலைத் தோட்டாவைச் சுட்டால் மேலே சொன்ன இழுபறிதான். பதிவுக்கு வந்துவிட்ட தோட்டாவிலேயே இந்தக் கதி என்றால், ஊர்பேர் தெரியாத வைல்ட்கேட்டில் ஒரே பெயரில் எத்தனை ரீமர்கள் உலவும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே ரீமர், கேஜ், டை மூன்றையும் ஒரே வரைபடத்திலிருந்து, முடிந்தால் ஒரே சமயத்தில் செய்து வாங்க வேண்டும். பயன்படுத்த நினைக்கும் குண்டையும் கேஸையும் கொண்டு, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து ரீமர் செய்பவரிடம் கொடுத்தால், தொண்டையின், அதாவது சேம்பர் முடிந்து பேரலின் பள்ளங்கள் தொடங்கும் பகுதியின், நீளத்தை மேகசினுக்குப் பொருந்தும்படி அவர் அமைத்துத் தருவார்.

கழுத்தின் இடைவெளியையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். .30-06-ஐப் போன்ற தடித்த கேஸின் கழுத்தைப் பல படிகள் சுருக்கினால் பித்தளை தடிக்கும். தடித்த கழுத்துக்குச் சேம்பரில் விரிய இடமில்லையென்றால் குண்டை அது விடாது, அழுத்தம் எகிறிவிடும். பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் சேம்பரின் கழுத்தை வேண்டுமென்றே இறுக்கமாக வைத்து, ஒவ்வொரு கேஸின் கழுத்தையும் கடைந்து பயன்படுத்துகிறார்கள். அது அவர்களுடைய பொழுதுபோக்கின் ஒரு பகுதி. மழையிலும் குளிரிலும் தூக்கிக்கொண்டு அலையப்போகும் ரைஃபிளுக்கு அந்த இறுக்கம் வேண்டாம்.

புதுப் பேரல் போட்டுக் கட்டுவதன் உண்மையான லாபம், குண்டைச் சுழற்றும் பேரல் பள்ளங்களான புரியின் முறுக்கை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதே. பழைய .22-250 பேரல்கள் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில் வந்தவை; இன்றைய நீண்ட, கனத்த .22 குண்டுகள் அதில் நிலைபெறாமல் தடுமாறும். சேம்பரை எவ்வளவு சீர்திருத்தினாலும் இந்தக் குறை தீராது. குண்டின் நீளத்துக்கும் தேவையான முறுக்குக்கும் உள்ள தொடர்பை கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் 1879-இலேயே சூத்திரமாக்கிவிட்டார். இருந்தும் வைல்ட்கேட் பேச்சில் கேஸின் தோள் பெறும் கவனத்தில் பாதிகூடப் புரி பெறுவதில்லை.

சிறிய துளைக்குப் பின்னால் பெரிய கேஸ் வைத்தால் தொண்டை சீக்கிரம் எரிந்துபோகும். ஆக்லியே .378 வெதர்பி மேக்னத்தின் கழுத்தை .22-க்குச் சுருக்கி, வாயில் நுழையாத ஒரு வேடிக்கைப் பெயரும் சூட்டினார். வினாடிக்கு 5,000 அடியை எட்டுவது நோக்கம், எட்டவில்லை. அது நகைச்சுவைக்காகப் பிறந்தது என்பதை மறந்து அதே பாதையில் மெய்யாகவே போனவர்களும் உண்டு.

மருந்தின் அளவைப் பற்றி இங்கே எண் எதுவும் தரப்போவதில்லை. பிறர் சேம்பரில் பாதுகாப்பாக இருந்த அளவு, வேறு தொண்டையும் வேறு கழுத்தும் உள்ள சேம்பரில் பாதுகாப்பாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூலத் தோட்டாவுக்கு வெளியிடப்பட்ட அளவின் கீழ்முனையில் தொடங்கி, குரோனோகிராஃபை வைத்துக்கொண்டு ஏறுவதுதான் வழி. எதிர்பார்த்ததைவிட வேகம் அதிகமாக வந்தால் அதை வெற்றி என்று கொள்ளாமல், அழுத்தம் அதிகம் என்று கொள்ள வேண்டும்.

கேள்விக்குத் திரும்பினால், நல்ல பேரலுள்ள .30-06-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். பேரல் தேய்ந்திருந்து, ரிசீவர் உரிய எண்ணைக் கடந்ததாகவும் இருந்தால், அதே கேஸ் குடும்பத்திலேயே பதிவான தோட்டா ஒன்றுக்குப் புதுப் பேரல் போடுவது எல்லா வகையிலும் லாபம்; .25-06, .280 ரெமிங்டன், .35 வீலன் மூன்றும் ஒருகாலத்து வைல்ட்கேட் ஆர்வம் பழுத்துத் தந்தவையே, அல்லது அதன் நெருங்கிய உறவு. அதற்கும் மேலாக வைல்ட்கேட்தான் வேண்டும் என்றால், வேகத்துக்காக என்று சொல்லாமல் விருப்பத்துக்காக என்று சொல்லிச் செய்யுங்கள். அதில் தவறொன்றும் இல்லை. வேலையை உரிமம் பெற்ற கம்மியரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். சேம்பர் மாற்றுவதையே ஆயுதத்தை மாற்றியமைப்பதாகக் கொள்ளும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு, சி.ஐ.பி. நாடுகளில் அப்படி மாற்றிய ரைஃபிள் மறுபடி அழுத்தச் சோதனைக்கு உட்பட்டு முத்திரை பெற வேண்டும்.

வேலை முடிந்ததும் பேரலிலுள்ள பழைய பெயரை அடித்துவிட்டு, புதுப் பெயரை ஆழமாகப் பொறிக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ.-06 ஆக மாற்றப்பட்ட மௌசர்கள் பல எந்தக் குறியும் இல்லாமல் கைமாறின, அவற்றின் சேம்பரில்.30-06 தோட்டா தாராளமாக உட்காரும். .223 சேம்பரில் .300 பிளாக்அவுட் தோட்டா நுழைந்து, .30 குண்டு .22 துளையை அடைத்து, ரைஃபிள் சிதறிய நிகழ்வுகள் நம் காலத்திலேயே நடந்திருக்கின்றன. அங்கே தோட்டா இரண்டும் பதிவானவை, பேரலில் அதற்குரிய தோட்டாவின் பெயரும் இருந்தது. உங்கள் ரைஃபிளை அடுத்து வாங்குபவருக்கு அந்தப் பொறிப்பும், அதனுடன் வைத்துக்கொடுக்கும் ரீமர் வரைபடமும் தவிர வேறு எந்தத் தகவலும் கிடைக்கப்போவதில்லை.